எந்தக் கடம்பு?

பெரியவர் மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். மூன்று பூவுருண்டைகள் விழுந்து உருண்டன. எலுமிச்சம்பழ அளவு, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், மேலெல்லாம் வெள்ளை ஊசிகளைக் குத்தி வைத்ததுபோல ஒரு பொசுபொசுப்பு. ஒன்று ரசீதுப் புத்தகத்தில் முட்டி நின்றது.

“இது என்ன பூ தம்பி?”

“கடம்புய்யா. நான்தான் உங்களுக்குக் குடுத்தேன், அஞ்சு வருசம் இருக்கும். இருபது கன்னு.”

“நான் கேட்டது கடம்பு. நீங்க குடுத்தது கடம்பு இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தாவரவியல் படித்தவன். அழகர்கோவில் சாலையில் நர்சரி போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊர்க்காரனிடம், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்து இது கடம்பில்லை என்கிறார். ஒரு உருண்டையைக் கையில் எடுத்து, இது ஒற்றைப் பூ இல்லை, ஏகப்பட்ட சின்னப் பூக்கள் சேர்ந்த கொத்து என்று பாடம் எடுக்கத் தொடங்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்:

“எங்க ஊருணிக்கரைக் கடம்பு உருளாது தம்பி. சரஞ்சரமாத் தொங்கும். செக்கச்செவேல்னு இருக்கும். ராத்திரி பூத்து, விடியிறதுக்குள்ள தண்ணியில கொட்டிரும். காலையில குடத்தோட போனா தண்ணி தெரியாது, பூவுதான் தெரியும். அந்த மரம் சாஞ்சு போச்சுன்னுதான் உங்ககிட்ட வந்தேன்.”

சிரிப்பு நின்றது. அவர் சொன்னது செங்கடம்பு. நான் கொடுத்தது வெண்கடம்பு. ஐந்து வருடம் இருபது மரத்துக்கும் தண்ணீர் ஊற்றி, ஆடு கடிக்காமல் முள் கட்டி வளர்த்து, முதல் பூவைப் பார்த்த அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழில் கடம்பு என்ற பெயரோடு குறைந்தது நான்கு மரங்கள் நடமாடுகின்றன. உருண்டைப் பூப் பூக்கும் வெண்கடம்பு, நியோலாமார்க்கியா கடம்பா. நர்சரியில் ‘கடம்பு’ என்று கேட்டால் கையில் வருவது இதுதான், மளமளவென்று வளரும். அடுத்தது நீர்க்கடம்பு, மிட்ராகைனா பார்விஃபோலியா. ‘பார்விஃபோலியா’ என்றால் சிற்றிலை. மஞ்சக்கடம்புக்கு ஹால்டினா கார்டிஃபோலியா என்று பெயர், இலை நெஞ்சு வடிவம். நான்காவது பெரியவருடைய செங்கடம்பு, பாரிங்டோனியா அக்யூட்டாங்குலா. அதன் காய்க்கு நான்கு கூர் விளிம்புகள் உண்டு, அந்த இரண்டாவது சொல் அதைத்தான் சொல்கிறது. குளக்கரை, ஆற்றங்கரை மரம். காலடியில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் கவலைப்படாது.

முதல் மூன்றும் ரூபியேசி குடும்பம், அதாவது காப்பிச் செடியின் குடும்பம். வீட்டு வாசலில் இட்லிப்பூச் செடி வைத்திருக்கிறோமே, அதுவும் வேலியோரத்து நுணாவும் அதே வீட்டுப் பிள்ளைகள். செங்கடம்புக்கு இந்த வீட்டோடு சம்பந்தமே கிடையாது. அதன் குடும்பம் லெசித்திடேசி. அதன் பங்காளி, சிவன் கோயில்களில் நிற்கிற நாகலிங்க மரம். நாகலிங்கமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊருணிக்கரைக் கிழட்டு மரத்துக்கு அமேசான் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பெயரில் பாதியைப் பகிர்ந்துகொண்ட வெண்கடம்பு அதற்கு யாரோ.

மதுரைக்காரனாக இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பு. உள்ளே, காய்ந்துபோன பழைய கடம்ப மரத்தின் அடித்தண்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கும்பிட்டிருக்கிறேன். இது எந்தக் கடம்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. முருகனுக்கும் கடம்ப மாலைதான். திருமுருகாற்றுப்படை அந்தப் பூவை ‘உருள்பூ’ என்கிறது, தேர்ச் சக்கரம்போல உருண்ட பூ. உரை சொல்பவர்கள் அதைச் செங்கடம்பு என்பார்கள். ஆனால் இன்றைக்கு நாம் செங்கடம்பு என்று காட்டும் மரத்தின் பூ உருளவே உருளாது, தொங்கும். பெயர் அங்கேயே நிற்க, மரம் மட்டும் நடுவில் எங்கோ மாறியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். என் நர்சரியில் நடந்தது அதற்கு முன்பே பல தடவை நடந்திருக்க வேண்டும்.

பூ இல்லாமலே இரண்டையும் பிரித்திருக்கலாம், அதுதான் வெட்கம். கன்றாக இருக்கும்போதே வெண்கடம்பின் இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக வரும். இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டில் ஒரு சின்னச் செதில் இருக்கும். ரூபியேசி குடும்பத்தின் கைநாட்டு அது. இட்லிப்பூச் செடியிலும் உண்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். செங்கடம்பின் இலைகள் மாறி மாறி வந்து, கிளை நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். “உங்க ஊர் மரத்துல இலை எப்படி இருக்கும்யா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்தது. நான் கேட்டது, “எத்தனை கன்னு வேணும்?”

படிக்கிற காலத்திலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. உலர்த்தி ஒட்டிய செடித் தாள்கள், ஹெர்பேரியம் என்போம், ஆளுக்கு ஐம்பது கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர் மலைக்கும் நாகமலைக்கும் பஸ் ஏறுவோம். பறித்த செடியைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே அகராதியை வைத்து, அதன்மேல் அம்மிக்குழவியை ஏற்றுவேன். தாள் மாற்ற மறந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்வோம். பெயர் எழுதும் இடத்தில்தான் மோசடி. முந்தைய செட் அண்ணன்களின் தாளைப் பார்த்து எழுதிவிடுவோம். அவர்கள் அவர்களுக்கு முந்தைய செட்டைப் பார்த்திருப்பார்கள். மதிப்பெண் நன்றாகவே வந்தது.

பெரியவர் போன பிறகு ஒரு ஆறுதல் தேடினேன், வெண்கடம்பின் பெயரிலேயே அது கிடைத்தது. அறிவியலில் ஒரு சிற்றினத்தின் பெயர் கடைசியில் ஒரு காய்ந்த மாதிரியில்தான் கட்டப்பட்டிருக்கும். உலகத்தில் அந்த இனம் லட்சக்கணக்கில் பச்சையாக நின்றாலும், ஏதோ ஒரு அலமாரியில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றைக் கிளைதான் சாட்சி. வகைமாதிரி என்று பெயர். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ராக்ஸ்பர்க் நம் மரத்துக்கு நாக்லியா கடம்பா என்று பெயர் வைத்திருந்தார். பின்னால் ஆந்தோசெஃபாலஸ் என்ற பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு, மாற்றினார்கள். நான் படித்த பெயர் அதுதான். ஆனால் அந்தப் பெயரின் வேர், 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் லாமார்க் விவரித்த ஒரு காய்ந்த மாதிரியில் இருந்தது. அதை உட்கார்ந்து ஆராய்ந்தபோது, அது மடகாஸ்கர் தீவின் வேறொரு மரம் என்று தெரிந்தது. லாமார்க் அதற்கு வைத்திருந்த பெயரோ ‘சைனென்சிஸ்’, சீனத்துக்காரன். மடகாஸ்கர் மரம், சீனப் பெயர், அதைக் கொண்டுவந்து கடம்பின் தலையில் கட்டியாகிவிட்டது! 1980களில் ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதைப் பிரித்தெடுத்து, நம் மரத்துக்கு நியோலாமார்க்கியா என்று புதுப் பேரினம் கொடுத்தார். லாமார்க்கியா என்று ஏற்கெனவே ஒரு புல் இருப்பதால் முன்னால் ஒரு ‘நியோ’. குழப்பம் யார் மாதிரியிலிருந்து வந்ததோ, அவர் பெயரிலேயே மரம் நிற்கிறது.

இத்தனை மாற்றத்திலும் ‘கடம்பா’ மட்டும் போகவில்லை, கவனித்தீர்களா. பேரினம் மாறினாலும் இரண்டாவது சொல் கூடவே வரும் என்பது விதி. பெண்ணுக்கு வீடு மாறினாலும் பேர் மாறாததுபோல.

இந்த இரண்டு சொல் ஏற்பாடு ஸ்வீடனின் லின்னேயஸ் நிலைநிறுத்தியது. அதற்கு முன்னால் ஒரு செடியின் பெயர் என்பதே ஒரு நீள லத்தீன் வாக்கியம்: இன்ன இலை, இன்ன பூ, இன்ன காய் உள்ளது என்று வர்ணனையே பெயராக ஓடும். 1753இல் அவர் வெளியிட்ட தாவர நூலில் ஒவ்வொன்றுக்கும் பேரினம் ஒன்று, சிற்றினம் ஒன்று என இரண்டே சொல். விலங்குகளுக்கு 1758. மாமரத்துக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா என்று வைத்தாரே, அதில் ‘மாங்கா’ உட்கார்ந்திருக்கிறது. மாங்காய் சுமப்பது என்று பொருள். வர்ணனையை எடுத்துவிட்டு வெறும் பெயரை வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். வர்ணனை தப்பாகலாம், திருத்தலாம். பெயர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் ஆட்கள் லின்னேயஸுக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவேலம், வெள்வேலம், குடைவேலம் என்று பாருங்கள். ‘வேலம்’ பேரினம், முன்னால் நிற்பது சிற்றினம். லத்தீனில் குடும்பப் பெயர் முதலில், ஆள் பெயர் பின்னால். தமிழில் அடைமொழி முன்னால் வந்தாக வேண்டும், அதனால் தலைகீழ். இலக்கணம் வேறு, யோசனை ஒன்றுதான். வெளியூர்ச் சரக்குக்குச் ‘சீமை’, மனுசனுக்கு ஆகாததற்குப் ‘பேய்’, வீட்டுக்கு வராததற்குக் ‘காட்டு’, மட்டமானதற்கு ‘நாய்’. கடைசி வார்த்தையில் வாயில்லாத ஜீவன்கள் மேல் நமக்கு இருக்கிற அபிப்பிராயமும் தெரிந்துவிடுகிறது.

சீமைக்கருவேலத்தில்தான் இந்த ஏற்பாடு சறுக்கியது. மதுரையை விட்டுத் தெற்கே எந்தச் சாலையில் போனாலும் இரண்டு பக்கமும் அதுதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், வெட்டச் சொல்லி உத்தரவு வாங்கிய மரம். முள்ளைப் பார்த்து வேலம் என்று வைத்துவிட்டார்கள்; அது வேலமே இல்லை, வேறு பேரினம், அமெரிக்காக்காரன். இதில் அசல் கருவேலத்துக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. அக்கேசியா என்ற லத்தீன் பேரினப் பெயர் முதலில் கருவேலத்தை வைத்துத்தான் வந்தது. பிற்பாடு அக்கேசியா ஒரே கூட்டமில்லை, பிரிக்க வேண்டும் என்று ஆனபோது, பழைய பெயர் யாருக்கு என்று தகராறு. ஆஸ்திரேலியாவில் அக்கேசியாக்கள் ஆயிரத்துக்குப் பக்கம். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் பெயர் அவர்கள் பக்கம் போனது. நம் கருவேலம் வாச்செல்லியா ஆகிவிட்டது. பாகப்பிரிவினையில் மூத்தவனுக்கு வீட்டுப் பெயர்கூட மிஞ்சவில்லை.

சரி, பெயர் இருக்கட்டும். நர்சரியில் பெயரைவிட அதிகம் கேட்கும் கேள்வி வேறு: “இதுக்கு உசுரு இருக்கா?”

சித்திரை வெயிலில் லோடு இறங்கும்போது பாதிக் கன்று தலை சாய்ந்திருக்கும். எங்களிடம் மண் கலந்து பாக்கெட் போடும் அக்கா ஒன்றையும் யோசிக்க மாட்டார். கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரு கீறு. உள்ளே பச்சை தெரிந்தால், “உசுரு இருக்கு, நிழல்ல வை.” பழுப்பாக இருந்தால், “பட்டுப்போச்சு.” இந்தப் ‘பட்டுப்போதல்’ மரத்துக்கு மட்டுமே உள்ள சாவு. பயிர் கருகும், மாடு செத்துப்போகும், பெரியவர் காலமாவார். எந்தெந்த உயிர் எந்த வகை என்று பாடம் நடத்தாமலே வினைச்சொல்லில் பிரித்து வைத்திருக்கிறோம்.

அந்த நகக்கீறலில் நிறைய விஷயம் இருக்கிறது. பெரிய மரத்தில் உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய சுற்றிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான். நடுவில் வைரம் பாய்ந்திருக்கிறதே, அங்கே உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. ஓங்கி நிற்கும் புளியமரத்தின் நடுக்கட்டையும் கோயிலில் இருக்கிற கடம்பத் தண்டும் அந்த வகையில் ஒன்றுதான். வைரம் பாய்ந்த கட்டை என்று நம்மூரில் வயதானவர்களைப் பாராட்டுவோம். மரத்தில் அது இறந்த பகுதி என்று தாத்தாவிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

உயிருள்ளவற்றின் பண்புகள் என்று பள்ளியிலிருந்து எழுதி எழுதித் தேய்ந்த பட்டியல் ஒன்று உண்டு: செல்லால் ஆனது, வளர்சிதை மாற்றம் நடப்பது, வளர்வது, தூண்டினால் பதில் சொல்வது, உடலின் நிலையைக் காத்துக்கொள்வது, இனம் பெருக்குவது. நர்சரிக்குள் அதை எடுத்துக்கொண்டு நடந்தால் பத்தடிக்கு ஒன்று இடறும். விதையை எடுத்துக்கொள்ளுங்கள். வளராது, அசையாது, கூப்பிட்டால் கேட்காது, மூச்சு இருக்கிறதா என்றே தெரியாது. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் தோண்டியெடுத்த, ஏறக்குறைய 2000 வருடப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் மண்ணில் போட்டபோது முளைத்தது. அத்தனை காலமும் அது உயிரா, இல்லையா? வெண்டைக்காய்ச் செடியின் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும் நோய்க்கு ஒரு வைரஸ் காரணம், வெள்ளை ஈ அதைச் சுமந்து வரும். செடிக்குள் போனால் குடும்பம் நடத்தும். வெளியே இருக்கும்போது உப்புக்கல் போலச் சும்மா கிடக்கும். செல் கிடையாது, அதனால் பட்டியலில் முதல் வரியிலேயே அடிபட்டுப்போகிறது. வெண்டைக்காய் போட்டவரிடம் போய் இதை உயிரில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

இனப்பெருக்கம் என்பதும் அப்படித்தான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது, வெட்டு வைத்து வேர்விட்ட குச்சிகளாக. விதையெல்லாம் கணக்கிலேயே இல்லை. ஒரு செடியிலிருந்து குச்சி, அந்தக் குச்சியிலிருந்து செடி, அதிலிருந்து குச்சி. ஜாஸ்மினம் சம்பக் என்ற பெயருக்குக் கீழே எத்தனை தோட்டம் இருந்தாலும், ஒரே உடம்பு பல ஊரில் நிற்கிறதோ என்று எனக்குத் தோன்றும். விடியும் முன்பே மொட்டைப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூட்டை வந்துவிடும். செடியிலிருந்து பிரிந்து பத்து மணி நேரம் கழித்து, யாரோ ஒருவர் கூந்தலில் அது விரிகிறது, மணக்கிறது. இதழ் செல்கள் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான் வெளியூர் போகும் பூவுக்கு ஐஸ் வைத்து அந்த மூச்சை மட்டுப்படுத்துகிறார்கள். பறித்த பூ செத்த பூ என்று யாராவது சொன்னால் பூக்கடைக்காரம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதனால் எனக்குப் பட்டியல்மேல் பெரிய மரியாதை கிடையாது. அக்காவின் நகம்மேல் உண்டு.

இந்த இடத்தில் தொல்காப்பியர் வந்தே ஆக வேண்டும். தன் நூலின் மரபியல் என்ற இயலில் உயிர்களை அறிவு எண்ணிப் பிரிக்கிறார்: தொடுவதை மட்டும் அறிவது ஓரறிவு, புல்லும் மரமும், சுவையும் சேர்ந்தால் ஈரறிவு, நத்தை மாதிரி, எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதருக்கு ஆறு. எறும்புக்குக் கண் இருக்கிறதே என்று வாதாடலாம், செடி வெளிச்சம் பார்த்து வளைகிறதே என்று கேட்கலாம். அது பெரிதில்லை. எனக்குப் பிடித்தது அவர் புல்லையும் மரத்தையும் பிரித்த விதம். வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே வைரம் இருந்தால் மரம். உயரம், பருமன், ஆயுள் எதையும் அவர் பார்க்கவில்லை. அந்தக் கணக்கில் நூறடிப் பனை புல். தென்னையும் மூங்கிலும் புல். பனைக்கு இலை என்று சொல்லாமல் ஓலை என்கிறோமே, புல்லுக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு என்று உறுப்புப் பெயர்களையும் தனியாகக் கொடுத்திருக்கிறார். பிள்ளை, குழவி, கன்று என்ற இளமைப் பெயர்கள் ஓரறிவு உயிருக்கும் ஆகும், ஆனால் நெல்லுக்கும் சாதாரணப் புல்லுக்கும் ஆகாது என்கிறார். இன்றைக்கும் என் கடையில் தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, மாங்கன்று. நெல்லுக்கு மட்டும் நாற்று.

இது வெறும் இலக்கணமில்லை என்று எனக்குக் காட்டியது ஒட்டுக் கத்தி. வருடத்துக்கு ஒருவராவது வந்து, நல்ல காய்ப்புள்ள தென்னையில் ஒட்டுக் கட்டித் தர முடியுமா என்று கேட்பார். முடியாது. ஒட்டு பிடிக்க வேண்டுமானால் பட்டைக்கு அடியில் அந்த மெல்லிய சுற்று, கேம்பியம், இரண்டு குச்சியிலும் இருந்து, ஒன்றோடொன்று தொட வேண்டும். பனைக்கும் தென்னைக்கும் அது கிடையாது. உள்ளே வைரம் பாய்வதும் அந்தச் சுற்று இருக்கிற மரத்தில்தான். இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று விதையைப் பிளந்து பார்த்துப் போடும் கோடும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழுகிறது.

ஒட்டும் உறவும் என்று நாம் சும்மா சொல்வதில்லை. சப்போட்டா ஒட்டுக்கு வேர்ச்செடியாக உலக்கைப் பாலையைப் போடுவோம். சப்போட்டா மத்திய அமெரிக்காவில் பிறந்தது, பாலை நம் காட்டு மரம். இரண்டும் மனில்காரா பேரினம். கடல் தாண்டிய உறவு, கட்டினால் பிடிக்கிறது. ஆனால் பாலை என்று இன்னும் எத்தனை மரம் இருக்கிறது! ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை. கீறினால் பால் வடிகிறதா, பாலை. அவ்வளவுதான் அளவுகோல். அவையெல்லாம் அரளியின் குடும்பம். சப்போட்டாவை அவற்றோடு எத்தனை நாடா சுற்றிக் கட்டினாலும் காய்ந்துதான் போகும். ஒற்றை அடையாளத்தை வைத்து உறவு சொன்னால் இப்படித்தான் ஆகும். நம்மைக் குறை சொல்வதற்கில்லை. லின்னேயஸும் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணித்தான் தாவரங்களை 24 வகுப்பாகப் பிரித்தார். எண்ணுவதற்குச் சுலபம். அந்தப் பிரிவினை நிலைக்கவில்லை, அவர் வைத்த இரட்டைப் பெயர்கள் நிலைத்தன.

பாலையாவது மரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ‘பாசி’ இருக்கிறதே, அது உலகங்களையே தாண்டும். தெப்பக்குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசியில் சில வகை உண்மையில் பாக்டீரியா. ஜிகர்தண்டாவில் வழவழவென்று இறங்கும் கடல்பாசி சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. 1880களில் கிருமியியல் முன்னோடி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க ஒரு நல்ல கூழ் தேடியபோது, ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி தன் சமையலறையிலிருந்து இதைத்தான் சொன்னார். கறிக்குழம்பில் போடும் கல்பாசி பாசியுமில்லை, செடியுமில்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். அதற்கு வைக்கும் அறிவியல் பெயர் விதிப்படி பூஞ்சைக்கு மட்டுமே சொந்தம். சமைத்துப் போடுகிற பாசிக்குப் பெயர்ப் பலகையில் இடமில்லை. பூஞ்சை என்றதும் செடி என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் 1969இல் உயிர்களை ஐந்து உலகமாகப் பிரித்தபோதே அதைத் தாவரத்திலிருந்து எடுத்துவிட்டார். மழை விட்ட மறுநாள் புற்றில் முளைக்கும் காளானுக்குப் புளியமரத்தைவிட நாம்தான் நெருங்கிய உறவு. சைவமா அசைவமா என்று என்னைக் கேட்காதீர்கள். பாசிப்பயறை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வாங்கவில்லை. “காசு என்ன தம்பி, அஞ்சு வருசத்தைக் குடுப்பீங்களா?” என்றார், கோபமில்லாமல். அது இன்னும் மோசம்.

செங்கடம்பு எந்த நர்சரியிலும் கிடைக்கவில்லை. யாரும் கேட்காத மரத்தை யார் வளர்ப்பார்கள்? கேட்டபோதெல்லாம், “கடம்பு இருக்கே அண்ணே” என்று உருண்டைக் கடம்பைத்தான் காட்டினார்கள். கடைசியில் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் பெரிய மரம் இரண்டு நிற்பதாகக் கேள்விப்பட்டு, பைக்கில் போனேன். மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் இது என்ன மரம் என்று கேட்டேன். “கடம்பு,” என்றார். இந்தத் தடவை அதோடு விடவில்லை. இலை பார்த்தேன், நுனியில் கொத்து. கீழே கிடந்த காயைப் பொறுக்கி விரலால் சுற்றிப் பார்த்தேன், நான்கு விளிம்பு. “அந்தக் காயை நசுக்கித் தண்ணியில போட்டா மீன் மயங்கி மெதக்கும், குளத்துல போட்டுறாதீங்க,” என்று எச்சரித்தார். ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். முளைத்தவற்றில் பதினைந்து கன்றை அந்த ஆடியிலேயே மேலூர்ப் பக்கம் கொண்டுபோய் நானே குழி எடுத்து வைத்துவிட்டு வந்தேன். பெரியவர் கரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கன்றின் இலையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த குழிக்குப் போகவிட்டார்.

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் பூக்கவில்லை. வைத்ததில் பதினொன்று நிற்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். கீழ்க்கரையில் செங்கடம்பு இடுப்பளவு. மேல்க்கரையில் பழைய இருபது வெண்கடம்பும் ஓங்கி வளர்ந்து, அடியில் நல்ல நிழல். யாரும் வெட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பையன்கள் பூவுருண்டையைப் பந்தாக்கி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, இது என்ன மரம்?” என்றேன்.

“அது நர்சரிக் கடம்புண்ணே,” என்றான். “கீழ இருக்குறதுதான் கடம்பு.”